பூச்சியைவிட லேபிள் பெரிது: ஒரு பல்கலைக்கழக அருங்காட்சியகம் ஆண்டு முழுக்க என்ன செய்கிறது

ராசிபுரம் பக்கம் என் மாமா தோட்டத்தில் 2021ல் குச்சிக்கிழங்குச் (மரவள்ளி) செடிகளின் நுனியெல்லாம் சுருண்டு, முட்டைக்கோஸ் மாதிரி குவிந்துகொண்டது. இலையைப் பிரித்தால் உள்ளே வெள்ளை மாவு. "முன்ன பப்பாளிக்கு வந்துச்சே, அதே பூச்சிதான் கண்ணு" என்றார் மாமா. பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அதையேதான் சொன்னார். மருந்துக்கடையில் கொடுத்ததை வாங்கி இரண்டு தடவை அடித்தும் பார்த்தார்கள். பூச்சியின் மேல் மெழுகு போர்த்தியிருப்பதால் மருந்து வழிந்து போனதுதான் மிச்சம்.

அது அதே பூச்சி இல்லை. அது வேறு என்று உறுதியாகச் சொல்ல யாரோ ஒருவரால் முடிந்ததால்தான் நாமக்கல், சேலம் மாவட்டக் குச்சிக்கிழங்கு தப்பித்தது. அப்படிச் சொல்லும் திறன் எங்கே சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று தேடிப் போனால், நாம் பள்ளிச் சுற்றுலாவில் அரை மணி நேரம் பார்த்துவிட்டு வரும் அருங்காட்சியகத்தின் பின்கட்டுக்குத்தான் போய்ச் சேருவோம்.

முதலில் பூச்சிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது கோவையில், 2008ல். பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்பது அதன் பெயர். பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா. பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரி, குச்சிக்கிழங்கு, செம்பருத்தி என்று கண்டதிலெல்லாம் ஏறியது. மல்பெரியை நம்பியிருந்த பட்டு விவசாயிகள் தோட்டத்தையே அழிக்க வேண்டிய நிலை வந்தது. 2010ல் பெங்களூருவில் உள்ள தேசியப் பூச்சி ஆய்வு நிறுவனம் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றில் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒன்று மட்டும் அசுர வேகத்தில் பெருகியது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி. மாவுப்பூச்சிக் குஞ்சுக்குள் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு அதை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் அதை வளர்த்துத் தோட்டம் தோட்டமாகக் கொடுத்தன. சில மாதங்களில் வெள்ளை மாவு அடங்கியது.

மாமா நினைவில் இருந்தது அந்தப் பூச்சி. 2021ல் அவர் பார்த்ததோ அதற்கு முந்தைய ஆண்டு கேரளத்தின் திருச்சூர் பக்கம் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, ஃபீனகாக்கஸ் மனிஹாட்டி. இதுவும் வெள்ளை மாவு பூசிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் பப்பாளிப் பூச்சியைக் கொன்ற குளவி இதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்? தோட்டத்திலேயே சில அடையாளங்கள் கிடைக்கும். மரவள்ளிப் பூச்சியின் உடம்பு இளஞ்சிவப்பு. ஆண் இல்லாமலேயே பெருகும். பப்பாளிப் பூச்சியை நசுக்கினால் மஞ்சளாக நீர் வரும். ஆல்கஹாலில் போட்டுவைத்தால் கொஞ்ச நேரத்தில் கருநீலமாகிவிடும். ஆனால் இவை கைகாட்டி மட்டும்தான். உறுதி செய்ய ஸ்லைடு போட வேண்டும். பூச்சியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சுடவைத்து உள்ளே இருப்பதையெல்லாம் கரைத்து, வெறும் தோலை மட்டும் எடுத்து, சாயம் ஏற்றி, கனடா பால்சம் என்ற பிசின் வைத்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டுவார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் பப்பாளிப் பூச்சியின் முதுகில் விளிம்புள்ள குழல் துளைகள் உடம்பின் ஓரத்தில் மட்டும் இருக்கும். பின்னங்காலின் டிபியா என்ற நீள்பகுதியில் துளைகள் இருக்காது. இதை ஏட்டில் படித்து மட்டும் சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே சரியாகப் பெயரிட்டு வைத்த ஸ்லைடு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அந்த ஸ்லைடை யாரோ எப்போதோ செய்து, கெடாமல் காத்து, கேட்டவுடன் எடுக்கிற மாதிரி வைத்திருக்க வேண்டும். அருங்காட்சியகம் என்று நான் சொல்வது இதைத்தான்.

பெயர் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இதே மரவள்ளிப் பூச்சியின் கதையே சாட்சி. 1970களில் இது ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து, காங்கோவில் தொடங்கி நாடு நாடாகப் பரவியது. அங்கே மரவள்ளிதான் கோடிக்கணக்கானவர்களுக்குச் சோறு. மரவள்ளியின் தாய்நாடு தென்னமெரிக்கா என்பதால் பூச்சியின் எதிரியும் அங்கேதான் இருக்கும் என்று தேடினார்கள். கண்டத்தின் வடபகுதியில் மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதைத் தின்னும் குளவிகளும் கிடைத்தன. ஆனால் அந்தக் குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் பெருகவே இல்லை. பிறகு வகைப்பாட்டியல் அறிஞர்கள் உட்கார்ந்து ஒப்பிட்டபோதுதான், கிடைத்தது வேறு இனம் என்று தெரிந்தது. அதற்கு 1981ல் ஃபீனகாக்கஸ் ஹெரெனி என்று தனிப் பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு உண்மையான பூச்சி பராகுவேயில் கிடைத்தது. அதோடு அனகைரஸ் லோபெசி என்ற குளவியும் கிடைத்தது. அது ஆப்பிரிக்காவில் செய்த வேலைக்காக, திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரெனுக்கு 1995ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

அந்தக் குளவியின் வாரிசுகள்தான் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 2021ல் பெங்களூருவுக்கு வந்து, 2022ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டன. பராகுவே, பெனின், ஏத்தாப்பூர். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி, இரண்டு ஸ்லைடுகளை ஒப்பிட்ட ஒரு மேசை.

நம் ஊரில் இந்தப் பாடம் இன்னும் பழையது. 1795ல் சாயத்துக்கு ஆகும் பூச்சி என்று நம்பிப் பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது சாயப்பூச்சி இல்லை, அதன் ஒன்றுவிட்ட உறவு. சாயத்துக்கு உதவவில்லை, ஆனால் ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. தென்மாவட்டங்களில் காடுமேடெல்லாம் மண்டிக் கிடந்த இன்னொரு வகைக் கள்ளியை அது தொடவில்லை. அதற்கு 1926ல் இலங்கையிலிருந்து வேறொரு இனம் வர வேண்டியிருந்தது. வந்த சில ஆண்டுகளில் கள்ளிக்காடு ஒழிந்தது. பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு பூச்சிகள், இரண்டு கள்ளிகள். எதற்கு எது என்று தெரிய நூற்றிமுப்பது ஆண்டுகள்.

சரி, கோவைக்கு வருவோம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகம் 2018 மார்ச்சில் திறக்கப்பட்டது. லாலி ரோடு பக்கம் போகிறவர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். ஆனால் காட்சிக்கூடத்தின் வயது வேறு, சேகரிப்பின் வயது வேறு. 1868ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி 1906ல் கோவைக்கு வந்து கல்லூரியானது, 1971ல்தான் பல்கலைக்கழகம். பூச்சிகளைச் சேகரிக்கும் வேலை கல்லூரியின் முதல் ஆண்டுகளிலேயே ஆரம்பித்துவிட்டது. பெயின்பிரிட்ஜ் ஃபிளெட்சர் இங்கே அரசுப் பூச்சியியலாளராக இருந்தார். தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி அவர் 1914ல் வெளியிட்ட பெரிய நூல் அந்த அனுபவத்தில் விளைந்தது. அவருக்குப் பின் வந்தவர்களில் டி. வி. ராமகிருஷ்ண ஐயர் முக்கியமானவர். பயிர்ப் பூச்சிகள் பற்றி 1940ல் அவர் எழுதிய கையேடு பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூல். இவர்கள் காலத்தில் தொடங்கிய சேகரிப்பின்மேல்தான் இன்றைய கண்ணாடிக் கூடம் நிற்கிறது.

ஒரு பூச்சி எப்படி ஆவணமாகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வண்டு என்றால் ஊசியை நடுமுதுகில் குத்த மாட்டார்கள். வலப்பக்க மேலிறகில் குத்துவார்கள். அப்போதுதான் நடுக்கோடும் இடப்பாதியும் சேதமில்லாமல் இருக்கும். ஒரு பாதி கெட்டாலும் மறுபாதியைப் பார்த்துப் பெயர் சொல்லலாம். வண்ணத்துப்பூச்சிக்கு மார்பின் நடுவில். ஊசி தாங்காத சின்னப் பூச்சியை முக்கோண அட்டையின் நுனியில் ஒரு சொட்டுப் பசையால் ஒட்டுவார்கள். பழைய பித்தளை ஊசிகளில் பூச்சியின் கொழுப்புப் பட்டுப் பச்சைக் களிம்பு பூத்து உடம்பையே பிளந்துவிடும். அதனால்தான் இப்போது துருப்பிடிக்காத எஃகு ஊசி.

பூச்சிக்கு அடியில், அதே ஊசியில், நகத்தளவு லேபிள்கள் இருக்கும். எந்த ஊர், என்ன தேதி, யார் பிடித்தது. அதற்குக் கீழே எந்தச் செடியில் இருந்தது. கடைசியில் இது இன்ன இனம் என்று யார், எந்த ஆண்டு சொன்னது. பால்பாயிண்ட் பேனா ஆகாது. ஆண்டுகள் போனால் மங்கும், ஆல்கஹாலில் கரையும். ஆல்கஹால் குப்பிக்குள் போடும் சீட்டில் பென்சிலால் எழுதுவதுதான் வழக்கம். லேபிள் இல்லாத பூச்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் அலங்காரப் பொருள்தான். இறகு ஒடிந்து, ஒரு கால் போன பூச்சியிடம் சரியான லேபிள் இருந்தால், அது இன்ன நாளில் இன்ன ஊரில் இன்ன செடியில் இருந்தது என்பதற்குச் சாட்சி. ஒரு பூச்சி புதிதாக வந்ததா, முன்பே இருந்து நாம் கவனிக்கவில்லையா என்ற கேள்விக்கு அதை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

நான் படித்த கல்லூரியில் (பெயர் வேண்டாம்) ஓர் அலமாரி நிறைய மாணவர்கள் சேகரித்த பூச்சிப் பெட்டிகள் இருந்தன. வேளாண் படிப்பில் பூச்சி பிடித்துப் பெட்டி சமர்ப்பிப்பது பாடத்தில் ஒரு பகுதி. சாயங்காலம் வலையோடு ஓடாத மாணவரே இருக்க மாட்டார். ஏதோ காரணத்தால் இரண்டு வருடம் யாரும் அந்த அலமாரியைத் திறக்கவில்லை. திறந்தபோது நானும் இருந்தேன். பெட்டியில் ஊசிகள் வரிசை கலையாமல் நின்றன. லேபிள்களும் அப்படியே இருந்தன. பூச்சிகள்தான் இல்லை. ஒவ்வோர் ஊசிக்கும் கீழே காபித்தூள் மாதிரி கொஞ்சம் தூள். பல ஆண்டு மாணவர்களின் உழைப்பை அருங்காட்சியக வண்டு என்று சொல்லப்படும் ஒரு சின்ன வண்டின் புழுக்கள் தின்றுவிட்டன. செத்த பூச்சியைத் தின்று வாழ்வது அவற்றின் இயல்பு. திறந்து பார்க்காமல் விட்டதுதான் குற்றம். அன்றைக்குப் பட்ட வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை.

ஆகவே ஒரு சேகரிப்பின் ஓராண்டு என்பது பெரும்பாலும் திறந்து பார்ப்பதுதான். கொங்கு நாட்டுப் பருவத்துக்கு ஏற்ப அந்த வேலை மாறும். தை, மாசி வறட்சியில் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்க்க, படமெடுத்துக் கணினியில் ஏற்ற வசதி. சித்திரையில் கோடை மழை ஒன்று விழுந்தால் மறுநாள் அந்தியில் வேப்பமரத்தில் பழுப்பு வண்டுகள் மொய்க்கும். நிலக்கடலை வேரைத் தின்னும் வேர்ப்புழுவின் தாய் அது. சேகரிக்கிறவர்களுக்கு அதுதான் சமயம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று புழுதியை எங்கே இடுக்கு இருந்தாலும் கொண்டுவந்து சேர்க்கும். பெட்டி மூடியின் பொருத்தம் சரியில்லை என்றால் அப்போது தெரிந்துவிடும்.

கடினமான காலம் ஐப்பசி, கார்த்திகை. கோவைக்குப் பெரிய மழை அதுதான். காற்றில் ஈரம் ஏறினால் பூச்சியின் உடம்பில் பூஞ்சணம் பூக்கும். பூஞ்சணத்தை மேய மிகச் சின்னப் புத்தகப்பேன்கள் வரும். ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தை ஒட்டி நிற்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. குளிர்சாதனத்தைப் பகலில் போட்டு இரவில் நிறுத்துவது இன்னும் மோசம். வெப்பம் ஏறி இறங்க இறங்கப் பெட்டிக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். அந்துருண்டை ஒரு காலத்தில் எல்லாவற்றுக்கும் மருந்தாக இருந்தது. அது வண்டை விரட்டும், உள்ளே ஏற்கெனவே இருக்கும் முட்டையைக் கொல்லாது. வேலை செய்கிறவர்களின் உடம்புக்கும் கெடுதல். இப்போது நல்ல வழி, புதிதாக வரும் ஒவ்வொரு பெட்டியையும் பாலித்தீன் உறையில் மூடி மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்துவிட்டு அப்புறம் அலமாரிக்குக் கொண்டுபோவது. வெளியே எடுத்ததும் உறையைப் பிரித்துவிடக்கூடாது; அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்காவிட்டால் பூச்சியின்மேல் தண்ணீர் கோத்துவிடும்.

காட்சிக்கு வைப்பதிலும் ஒரு இழுபறி உண்டு. வெளிச்சம் நிறத்தைத் தின்னும். இறகின் அமைப்பால் மின்னும் நீலம் தாக்குப்பிடிக்கும். நிறமியால் வரும் மஞ்சளும் சிவப்பும் வெளுத்துவிடும். இப்படிப்பட்ட பொருள்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும் என்பது அருங்காட்சியகங்களின் வழக்கம். நம் வீட்டுக் கூடத்து வெளிச்சத்தைவிடக் குறைவு. பார்க்க வருகிறவர்கள் இருட்டாக இருக்கிறது என்று குறைப்படுவார்கள். அந்த இருட்டு பூச்சிக்காக. ஓர் இனத்துக்கு முதன்முதலில் பெயர் வைக்கப் பயன்பட்ட மாதிரிக்குச் சிவப்பு லேபிள் இருக்கும். அது ஒருநாளும் காட்சிக்கு வரக்கூடாது. காட்சியில் வைக்க வேண்டியது ஒன்றுக்கு நான்கு இருப்பவற்றை, அதையும் அவ்வப்போது மாற்றி. ஒரு காட்சியை மாற்றியதில் ஓர் அருங்காட்சியகம் பெருமைப்படலாம் என்றால், அதில் பாதிப் பெருமை எதைக் காட்டாமல் வைத்தது என்பதில் இருக்கிறது.

மக்களுக்கான சேவை என்றால் வந்தவர்கள் எண்ணிக்கையைச் சொல்வது வழக்கம். பள்ளிப் பிள்ளைகள் வருவது பெரிய விஷயம்தான். குச்சிப்பூச்சியைக் கண்ணாடிக்குள் பார்த்து "இது குச்சிங்களா, பூச்சிங்களா?" என்று கேட்கும் பிள்ளை வீட்டுக்குப் போய் முருங்கை மரத்தைப் புதிதாகப் பார்க்கும். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பாலித்தீன் பையில் ஓலையைக் கட்டிக்கொண்டு வரும் விவசாயிக்குக் கிடைக்கும் பதில்.

பொள்ளாச்சித் தென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். 2016ல் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாகத் தென்பட்டது அந்தப் பக்கம்தான். ஓலையின் அடியில் சுருள் சுருளாக முட்டை, மேலே கரும்பூஞ்சணம். பார்த்தவர் பதறி மருந்தடிக்கத்தான் நினைப்பார். ஆனால் இந்த ஈயை அடக்கும் என்கார்சியா என்ற குளவி தோப்புக்குள்ளேயே தானாகப் பெருகத் தொடங்கியிருந்தது. மருந்தடித்தால் முதலில் சாவது அது. "அடிக்காதீங்க, விட்டுவிடுங்க, குளவி வேலை செய்யும்" என்று ஒரு விவசாயியிடம் சொல்ல எவ்வளவு உறுதி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இது இன்ன ஈதான், அது இன்ன குளவிதான் என்று தெரியாமல் அந்த வார்த்தை வாயில் வராது. அதன் பிறகு வேறு வகை வெள்ளை ஈக்களும் தென்னைக்கு வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் தோட்டத்தில் பெயர் ஒன்றே: வெள்ளை ஈ. இவற்றைக் கூட்டுப்புழுத் தோலை ஸ்லைடு போட்டுத்தான் பிரிக்கிறார்கள்.

கோவைக்கு இந்த விஷயத்தில் ஒரு கொடுப்பினை உண்டு. 1902ல் வன அதிகாரி காஸ் தொடங்கிய வன அருங்காட்சியகம் ஆர்.எஸ்.புரத்தை ஒட்டி இன்னும் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலேயே தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது; தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி எழுதுகிற யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. பூச்சி ஒரு வளாகத்தில், அது தின்னும் செடி அடுத்த கட்டடத்தில், அது வாழும் காட்டின் மரம் நான்கு கிலோமீட்டருக்குள். இப்படி ஒரே ஊரில் அமைவது அபூர்வம். மண்ணுக்கு அடியில் இருப்பதற்கும் இதே நியாயம்தான். நொய்யல் கரையில் கொடுமணலைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985ல் தோண்டத் தொடங்கியது. அங்கே கிடைத்த கல்மணி எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில் இருந்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் அது கடையில் விற்கும் மணிதான்.

எனக்குக் கவலை தருவது ஆட்கள் விஷயம். மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, இலைப்பேன், குளவி என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் வாழ்நாள் முழுக்க உட்கார வேண்டும். பத்து லட்சம் பூச்சி இனங்களுக்குப் பெயர் வைத்தாயிற்று. பெயரில்லாதவை அதைவிடப் பல மடங்கு. இந்த வேலையில் வேகமாகக் கட்டுரை போட முடியாது, பெரிய நிதி வராது, அதனால் இளம் பிள்ளைகள் தயங்குகிறார்கள். மரபணுச் சோதனை வந்துவிட்டதே என்பார்கள். வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் கிடைத்த மரபணு வரிசையை எதோடு ஒப்பிடுவது? சரியாகப் பெயரிட்ட ஒரு மாதிரியிலிருந்து எடுத்த வரிசையோடுதான். அந்தப் பெயர் தப்பென்றால் கணினி அந்தத் தப்பையே திருப்பிச் சொல்லும். ஓர் அருங்காட்சியகத்தின் ஆண்டறிக்கையில் எத்தனை பெட்டி திறந்து பார்த்தோம், எத்தனை லேபிள் திருத்தினோம், தோட்டத்திலிருந்து வந்த எத்தனை பைகளுக்குப் பெயர் சொன்னோம் என்று ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. பணியிடம் கேட்கும்போது காட்ட அந்தப் பக்கம்தான் உதவும்.

போன தடவை ஊருக்குப் போனபோது மாமா தோட்டத்தில் நுனி சுருண்ட செடிகள் ஒன்றிரண்டுதான் இருந்தன. ஓர் இலையைப் பிரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மாவுப்பூச்சிகள் பழுப்பாகக் காய்ந்து, கூடுபோல இறுகிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வட்டத் துளை. குளவி வெளியேறிய வாசல். பத்துப் பூச்சிகளை ஆல்கஹால் குப்பியில் எடுத்துக்கொண்டேன். "செத்துப்போனதை எதுக்குக் கண்ணு எடுத்துட்டுப் போற?" என்று கேட்டுவிட்டு, மாமாவே உள்ளே போய்ப் பேத்தியின் பென்சிலை எடுத்துவந்து கொடுத்தார். சீட்டில் எழுதினேன்: ராசிபுரம் வட்டம், மரவள்ளி, நுனி இலை, ஒட்டுண்ணி வெளியேறியது. தேதியும் போட்டேன். பிடித்தவர் என்ற இடத்தில் மாமா பெயர்.